காலை எடுத்தாலும் ஓடும் கார்

எங்கள் கல்லூரியில் இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவர் நாள்தோறும் 38 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். சென்ற பருவத்தில் ஒரு நாள் அவர் என்னை வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துச் சென்று, தாம் செய்திருந்த சிறு கருவி ஒன்றைக் காட்டினார். ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியைச் சுற்றி ஒரு பட்டைத் தகடு. அதில் ஒரு திருகு. வேண்டிய வேகம் வந்ததும் திருகை இறுக்கினால் கைப்பிடி திருப்பிய நிலையிலேயே நின்றுவிடும்.

"மணிக்கட்டு கடுக்கிறது சார். இனிமேல் கையைத் தளர்த்திக்கொண்டாலும் வண்டி ஒரே வேகத்தில் போகும். கார்களில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் இதுதானே?" என்று கேட்டார்.

அவருடைய கைத்திறனைப் பாராட்டினேன். திருகை அன்றே கழற்றிவிடும்படியும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாதி விடைதான் அன்று சொல்ல முடிந்தது; மீதியை இங்கே எழுதுகிறேன். அவருடைய கருவியில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று, இயற்பியல் பிழை. மற்றது, உயிரை வாங்கக்கூடிய பிழை.

முதலில் இயற்பியல் பிழையைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாயில் வட்டமான ஒரு தட்டு, நடுவே ஓர் அச்சில் திரும்பும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. இதுவே திராட்டில். தட்டு குறுக்கே நின்றால் வழி அடைபடும். எஞ்சின் மெல்ல ஓடும். தட்டு திரும்பத் திரும்ப வழி அகலமாகும். காற்றும் அதனோடு பெட்ரோலும் மிகுதியாக உள்ளே போகும். எஞ்சின் தரும் விசை மிகும். (டீசல் எஞ்சினில் முறை வேறு, அங்கே எண்ணெயின் அளவே மாற்றப்படுகிறது.) நாம் மிதியையோ கைப்பிடியையோ இயக்கும்போது உண்மையில் மாற்றுவது இந்தத் தட்டின் கோணத்தைத்தான். அதாவது, நம் கை கட்டுப்படுத்துவது விசையை, வேகத்தை அன்று.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று சமதளச் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 260 நியூட்டன், சக்கரங்கள் உருள்வதால் வரும் எதிர்ப்பு 140 நியூட்டன், ஆக 400 நியூட்டன். இதை வெல்ல 10 கிலோவாட் திறன் போதும். இப்போது 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்று வருகிறது. கண்ணுக்கு அது பெரிய ஏற்றமாகவே தெரியாது. ஆனால் காரின் எடையில் இருபதில் ஒரு பங்கு, 588 நியூட்டன், பின்னோக்கி இழுக்கிறது. மொத்தத் தேவை ஏறத்தாழ 990 நியூட்டன். திறன் 25 கிலோவாட். தேவை இரண்டரை மடங்காகிவிட்டது! திராட்டிலைத் திருகி நிறுத்தியிருந்தால், பத்தே நொடியில் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் குறைந்துபோகும். மறுபக்கம் இறக்கத்தில் அதே தட்டு அதே கோணத்தில் நின்றுகொண்டு காரை மேன்மேலும் விரட்டும். மாணவரின் திருகு காப்பாற்றியது கோணத்தை, வேகத்தை அன்று.

வேகத்தைக் காக்க வேண்டுமானால் கருவி முதலில் வேகத்தை அளக்க வேண்டும். நாம் விரும்பிய வேகத்தோடு ஒப்பிட வேண்டும். வேறுபாட்டுக்கு ஏற்பத் திராட்டிலைத் திருப்ப வேண்டும். திருப்பியதன் விளைவை மறுபடியும் அளக்க வேண்டும். இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் 1788இல் பொருத்திய கவர்னரும் இதைத்தான் செய்தது. சுழலும் இரு இரும்புக் குண்டுகள், வேகம் கூடினால் விலகி விரிந்து நீராவி வழியை அடைத்தன. குறைந்தால் தாழ்ந்து வழியைத் திறந்தன.

கார்களுக்கு இக்கருவியைப் பயனுள்ள வடிவில் தந்தவர் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் நேர்ந்த விபத்தில் பார்வையை முற்றும் இழந்தவர். ஆயினும் 1912இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். பிஸ்டன் வளையங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைவரானார். 1936இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, தாம் பேசுகையில் வேகத்தைக் குறைப்பாராம். டீட்டர் பேசும்போது வேகத்தைக் கூட்டுவாராம். பக்கத்தில் அமர்ந்திருந்தவருக்கு இந்தக் குலுக்கல் பொறுக்கவில்லை. பார்வை உள்ளவர்கள் வெளியே பார்த்துக்கொண்டு கவனிக்காமல் விடுவதை, பார்வையற்ற அவர் உடம்பால் உணர்ந்திருக்கிறார். அந்த எரிச்சலிலிருந்து பிறந்ததுதான் இக்கருவி என்பார்கள். 1950இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் இது விற்பனைக்கு வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு, 1974இல் அமெரிக்கச் சாலைகளில் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்ற உச்ச வரம்பு வந்தபின், வரம்பை மீறாமல் ஓட்டவும் பெட்ரோலை மிச்சப்படுத்தவும் பலர் இதை நாடினர்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். டீட்டரின் காப்புரிமை, ஆக்ஸிலரேட்டர் இயங்குவதை எதிர்க்கும் கருவி என்ற பெயரில் பதிவானது. குறித்த வேகம் வந்ததும் மிதி ஓட்டுநரின் காலை எதிர்த்துத் தள்ளும். "போதும்" என்று சொல்வதுபோல. காலை எடுத்தால் வண்டி தளரும். காலையே எடுத்துவிட்டாலும் வேகத்தைப் பிடித்துவைக்கும் வசதி இதனோடு பின்னர் சேர்ந்தது. கேட்பதற்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் ஓட்டுநரின் கால் மிதியைவிட்டு விலகிய அந்த நொடியில், திராட்டிலை மூடும் பொறுப்பு மனிதனிடமிருந்து எந்திரத்துக்கு மாறிவிட்டது.

மூடுவதற்கு ஒன்றும் தேவைப்படக் கூடாது

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். திராட்டில் தட்டின் அச்சில் ஒரு சுருள்வில் எப்போதும் அதை மூடும் திசையிலேயே இழுத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதனோடு போராடித்தான் திறக்கிறோம். கால் நழுவினாலும், கம்பி அறுந்தாலும், ஓட்டுநர் மயங்கினாலும் தட்டு தானே மூடிக்கொள்ளும். திறப்பதற்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மூடுவதற்கு எதுவுமே தேவையில்லை. பாதுகாப்பான திராட்டிலின் இலக்கணம் இவ்வளவுதான். மாணவரின் திருகு இந்தச் சுருள்வில்லைத்தான் கட்டிப்போட்டிருந்தது. எதிரே ஒரு மாடு வந்தால், அவர் கை பிரேக்கைத் தேட வேண்டும், கூடவே திருகையும் தளர்த்த வேண்டும். இரண்டாவது வேலைக்கு நேரம் இருக்காது.

சுருள்வில்லே முறிந்துபோனால்? நல்ல கேள்வி. அமெரிக்காவில் 1973 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதி ஒன்று இதற்கு விடை சொல்கிறது. திராட்டிலை மூடுவதற்குக் குறைந்தது இரண்டு ஆற்றல் மூலங்கள், அதாவது நடைமுறையில் இரண்டு சுருள்வில்கள், இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது தனியாகவே மூட வேண்டும். சுமார் 4,500 கிலோகிராம் வரையுள்ள வண்டிகளில், கடுங்குளிர் இல்லாத நிலையில், 1 நொடிக்குள் மூடிவிட வேண்டும். ஒரு நொடி என்பது குறைந்த நேரம் என்று எண்ண வேண்டாம். மேலே கண்ட நம் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் போய்விடும்.

இரண்டு வில் வைப்பதில் உள்ள கணக்கு சுவையானது. ஒரு வில் ஓராண்டில் முறிவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்). இரண்டும் முறிவதற்கான வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்று. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றின் முறிவுக்கும் மற்றதன் முறிவுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டு வில்களையும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தால், ஆணி முறியும்போது இரண்டும் போகும்; பத்துக் கோடி என்பது வெறுங்கணக்காகிவிடும். இன்னொன்று, முறிந்தது எது என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறிந்த வில்லைக் கவனிக்காமல் ஓட்டினால் நாம் ஒற்றை வில்லில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

இனி, க்ரூஸ் கண்ட்ரோல் இந்த இலக்கணத்தைக் கெடுக்காமல் எப்படித் திராட்டிலைத் திறந்து வைக்கிறது என்று காண்போம். 1970களிலும் 1980களிலும் மிகுதியாகப் பயன்பட்டது வெற்றிட முறை. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. திராட்டில் ஓரளவு மூடியிருப்பதால் தட்டுக்கு அப்பால் காற்றழுத்தம் குறைந்திருக்கும். அந்தக் குறையழுத்தத்தை ஒரு குழாய் வழியே ஒரு டப்பாவுக்குக் கொண்டுவருகிறார்கள். டப்பாவின் ஒரு பக்கம் ரப்பர் சவ்வு. வெளிக்காற்று சவ்வை உள்ளே அழுத்த, சவ்வோடு இணைந்த சங்கிலி திராட்டிலை இழுக்கிறது. சவ்வின் பரப்பு 50 சதுரச் சென்டிமீட்டர், அழுத்த வேறுபாடு 40 கிலோபாஸ்கல் என்றால் கிடைக்கும் விசை 200 நியூட்டன். ஏறத்தாழ 20 கிலோகிராம் எடைக்குச் சமம். சுருள்வில்களை வெல்ல இது தாராளம்.

டப்பாவில் இரண்டு மின்காந்த வால்வுகள் உண்டு. ஒன்று குறையழுத்தத்தை உள்ளே விடும். மின்சாரம் பாய்ந்தால்தான் அது திறக்கும். மற்றது வெளிக்காற்றை உள்ளே விடும். இது நேர்மாறானது, மின்சாரம் பாய்ந்தால்தான் மூடும். எனவே பியூஸ் போனாலும், கம்பி அறுந்தாலும், முதல் வால்வு மூடி, இரண்டாவது திறந்து, வெளிக்காற்று புகுந்து, சவ்வு தளர்ந்து, திராட்டில் மூடிவிடும். குழாய் கிழிந்தாலும் அதுவே நடக்கும். நம் நாட்டு இரயில்களில் நெடுங்காலம் இருந்த வெற்றிட பிரேக்கும் இதே உத்திதான். அபாயச் சங்கிலியை இழுத்தால் குழாயில் காற்று புகும், பிரேக் விழும். பெட்டிகள் கழன்று குழாய் பிரிந்தாலும் பிரேக் விழும். கேடு நேர்ந்தால் அது நல்ல பக்கமாகவே சாயும்படி அமைத்திருக்கிறார்கள்.

இது போதாதென்று பிரேக் மிதியிலும் இரண்டு காவல்கள். மிதியைத் தொட்டவுடன் ஒரு சுவிட்ச் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. சுவிட்ச் பழுதானால் என்ன செய்வது? அதே மிதியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறு காற்று வால்வும் இருக்கிறது. மிதி நகர்ந்ததும் அது திறந்து டப்பாவுக்குள் காற்றை நேரே கொட்டுகிறது. ஒன்று மின்வழி, மற்றது காற்றுவழி. ஒரே ஆணியில் மாட்டாத இரண்டு வில்கள் என்று இதைச் சொல்லலாம். கியர் உள்ள வண்டிகளில் கிளச் மிதியிலும் ஒரு சுவிட்ச் வைக்கிறார்கள். இல்லாவிட்டால், கிளச்சை அழுத்தியதும் சுமை இழந்த எஞ்சின் அலறிவிடும். டப்பாவிலிருந்து திராட்டிலுக்குப் போகும் இணைப்பைச் சங்கிலியாக வைப்பதிலும் பொருள் உண்டு. சங்கிலியால் இழுக்க முடியும்; தள்ள முடியாது. ஆகவே அது மிதியின் மற்ற அசைவுகளைத் தடுக்காது.

மூளை எப்படிக் கணக்கிடுகிறது?

வேகம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்குத் திராட்டிலைத் திற என்று மட்டும் கட்டளை இருந்தால், ஏற்றத்தில் கார் குறித்த வேகத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். ஏனெனில், கூடுதல் திறப்பு நீடிக்க வேண்டுமானால் குறையும் நீடிக்க வேண்டும். அதற்காக, குறை எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்பதையும் கூட்டிக்கொண்டே வந்து அதற்கேற்பத் திறக்கும்படி செய்கிறார்கள். மாணவர்கள் அறிந்த தொகையிடல்தான் இது. ஆனால் இதில் ஒரு பொறி வைத்திருக்கிறது. நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் திராட்டில் முழுதும் திறந்தும் வேகம் எட்டவில்லை என்றால், கூட்டல் மட்டும் ஏறிக்கொண்டே போகும். உச்சியைத் தாண்டியதும் இந்தப் பழைய கடன் தீரும்வரை திராட்டில் மூடாது. கார் பாய்ந்து இறங்கும். எனவே தட்டு முழுதும் திறந்துவிட்டால் கூட்டலை நிறுத்திவிடு என்று ஒரு கட்டளையைச் சேர்க்கிறார்கள். சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இயங்காதபடியும் பல கார்களில் தடை உண்டு.

எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும், திராட்டிலை மட்டுமே ஆளும் கருவிக்கு ஒரு கைதான் உண்டு. அது தள்ளும், பிடித்து இழுக்காது. நம் காரை அதே ஏற்றத்தில் கீழ்நோக்கி விட்டால், 588 நியூட்டன் முன்னே தள்ள, 400 நியூட்டன்தான் எதிர்க்கும். திராட்டில் முழுதும் மூடியும் வேகம் கூடப் பார்க்கும். எஞ்சினின் சொந்த இழுப்பு ஓரளவே உதவும். அங்கே பிரேக்கைத் தொடுவது ஓட்டுநரின் வேலை. முன்னே போகும் வண்டியின் தூரத்தை ராடாரால் அளந்து, தேவையானால் தானே பிரேக்கும் பிடிக்கும் புதிய வகைகள் இன்று வந்துவிட்டன. அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மழை நீர் தேங்கிய சாலையில் இக்கருவியைப் பயன்படுத்தவே கூடாது. வழுக்கும் சாலை என்பது அதற்குத் தெரியாது. சக்கரம் நீரின்மேல் மிதந்து பிடிப்பை இழக்கும் நேரத்திலும், அளவி சொல்லும் வேகத்தை நம்பித் திராட்டிலைத் திறந்து வைத்திருக்கும். மனிதனின் கால் அப்போது தானே பின்வாங்கும்.

சரி, எல்லாக் காவலையும் மீறித் திராட்டில் திறந்தே சிக்கிக்கொண்டால்? பிரேக் வெல்லுமா, எஞ்சின் வெல்லுமா? 60 கிலோவாட் எஞ்சின், நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் தரக்கூடிய விசை 2,400 நியூட்டன். நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் சேர்ந்து தருவது 9,000 நியூட்டனுக்கு மேல். பிரேக்கே வெல்லும். ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. கார் ஓட்டும் எல்லாரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெட்ரோல் கார்கள் பலவற்றில் பிரேக்குக்குத் துணைவலு தருவதும் எஞ்சினின் அதே குறையழுத்தம்தான். திராட்டில் முழுதும் திறந்தால் குறையழுத்தம் மறைந்துவிடுகிறது. சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிப்புக்கே போதும். பதறிப்போய் விட்டுவிட்டு மிதிப்பவர் அந்தச் சேமிப்பைத் தீர்த்துவிடுவார். பின் மிதி கல்லாகிவிடும். ஒரே மூச்சில் அழுத்தி, விடாமல் பிடித்திருக்க வேண்டும். கிளச்சை அழுத்தவோ, கியரை நடுநிலைக்குத் தள்ளவோ வேண்டும். எஞ்சின் அலறட்டும், பாதகமில்லை. ஓடும்போது சாவியை உருவக் கூடாது; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

இன்றைய கார்களில் மிதிக்கும் திராட்டிலுக்கும் இடையே கம்பியே கிடையாது. மிதியின் நிலையை இரண்டு உணரிகள் அளக்கின்றன. ஒன்றின் மின்னழுத்தம் மற்றதைப்போல் பாதி என்பது போன்ற ஓர் உறவு அவற்றுக்கிடையே விதிக்கப்பட்டிருக்கும். உறவு பிசகினால் கணினி எதையும் நம்பாது. மின்மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும். வில்கள் தட்டைச் சற்றே திறந்த நிலைக்குக் கொண்டுவரும். வண்டி ஊர்ந்தாவது ஓரம் சேரும். இம்முறையின்மீதும் ஐயம் எழுந்தது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுப்பதாகப் புகார்கள் குவிந்தன. நாசாவின் பொறியாளர்கள் மின்னணுப் பகுதியை ஆராய்ந்தனர். திராட்டிலைப் பெரிதாகத் திறக்கச் செய்யும் மின்னணுக் குறைக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011இல் வெளியான அறிக்கை கூறியது. கண்டறியப்பட்டவை இரண்டு: மிதியைச் சிக்கவைத்த தரைவிரிப்பும், ஒட்டிக்கொண்டு திரும்பாத மிதியும். ஆயினும் மென்பொருளே காரணம் என்று வாதிட்ட வழக்கு ஒன்றில், 2013இல் ஓக்லஹோமாவில் ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகவே முடிவு சொன்னார்கள். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒருசேர அழுத்தப்பட்டால் பிரேக்கின் சொல்லையே கேட்க வேண்டும் என்ற கட்டளை இப்போது பெரும்பாலான கார்களின் கணினியில் எழுதப்பட்டிருக்கிறது. தரைவிரிப்பை ஒழுங்காகக் கொக்கியில் மாட்டுவதோ இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

மாணவர் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் அவர் திருகைக் கழற்றினார். கைப்பிடியை முழுதும் திருப்பிவிட்டு விட்டுப்பார்க்கச் சொன்னேன், எஞ்சினை ஓடவிடாமல். 'டக்'கென்று திரும்ப வேண்டிய கைப்பிடி சோம்பலாகத் திரும்பியது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுதும் ஒடித்தபோது பாதியிலேயே நின்றது. கேபிள் உள்ளே வறண்டு துருவேறியிருந்தது; மணிக்கட்டு வலிக்கும் அதுவே காரணம். புதுக் கேபிள் போட்டார். அந்தத் தகடும் திருகும் இப்போது எங்கள் ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோலைத் தாங்கியில் பிடித்துவைக்கப் பயன்படுகின்றன.